நாவும் நாதமும்

பேச்சுக்கு நா வேண்டும் என்பதை யாவரும் அறிவர். ஊதும் கருவிக்கும் நா வேண்டும் என்பதைப் பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட்டைக் கையில் எடுத்த பின்னரே நாங்கள் அறிந்தோம்.

தொடக்கத்தில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே மூச்சை விட்டு ஊதினோம். விரைவில் களைத்தோம். நால்வர் ஊதினால் பாட்டு நான்கு இடத்தில் தொடங்கியது. குறை மூச்சில் இல்லை, நாவில் இருந்தது.

கிளாரினெட், 1700-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் டென்னர் என்பவர் உருவாக்கிய கருவி. அதன் வாய்ப்பகுதியின் அடியில் நாணல் தண்டைச் சீவிச் செய்த ஒற்றை ரீடு பொருத்தப்பட்டிருக்கும். மேற்பற்கள் வாய்ப்பகுதியின்மீது படிய, கீழ்ப்பற்களை மூடிய கீழுதடு ரீடைத் தாங்க வேண்டும். மூச்சுப் பட்டதும் ரீடு அதிர்ந்து நாதம் பிறக்கும். நாநுனி ரீடின் முனையைத் தொட்டால் ஒலி நிற்கும். விலகினால் மீண்டும் ஒலிக்கும். ஆகவே, நா அடிக்கும் கோல் அன்று. திறந்து மூடும் மதகு. மதகை அடைத்தாலும் குளத்து நீர் வற்றாததுபோல, நா தொடும்போதும் மூச்சின் அழுத்தம் குறையலாகாது.

நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடத் தகரம் பிறக்கும் என்று இலக்கண வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? 'தீ' என்று சொல்லிப் பாருங்கள். பல்லுக்குப் பதில் ரீடு, அவ்வளவே வேறுபாடு! 'ஈ' ஒலிக்கும்போது நாவின் நடுப்பகுதி உயர்ந்திருப்பதுபோல ஊதும்போதும் இருக்கட்டும். தாடை அசையக்கூடாது. விரல் தன் துளையில் அமைந்த பிறகே நா விலக வேண்டும்.

பயிற்சி எளிது. முதலில் ஒரே சுரத்தை நீளமாக ஊத வேண்டும். பின்பு அதே மூச்சில் நான்கு முறை ரீடை மெல்லத் தொட வேண்டும். வேகம் பிறகு தானே வரும்.

பாலசமுத்திரத்துக் கல்யாண வீடுகளில் நாம் கேட்கும் நாகசுரத்திலும் இவ்வித்தை உண்டு. நாவால் சுரங்களைப் பிரித்து ஊதுவதைத் துத்துகாரம் என்பர். நாகசுரமும் கற்றுத் தேர்ந்த திருச்சி ஏ.கே.சி. நடராஜன், கிளாரினெட்டில் கர்நாடக இசையை வாசித்து 2008-இல் சங்கீத கலாநிதி விருதும், 2022-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

இவ்வாண்டு விழாவில் எங்கள் பாட்டின் முதல் சுரம் ஒன்றாகவே பிறந்தது. நாவைக் காக்கச் சொன்னார் வள்ளுவர். பேசும்போது மட்டுமன்று, ஊதும்போதும் காப்போம்!