பொருள் மதிப்புரையும் வாங்குவோர் நம்பிக்கையும்

சந்தைக்குச் செல்பவர் கத்தரிக்காயைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்ப்பார்; நல்லெண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்; சேலையை வெளிச்சத்திற் பிடித்து அதன் நெசவை ஆராய்வார். பொருளும் கண்ணும் ஓரிடத்தில் இருக்குமாயின் விற்பவரின் புகழ்மொழியைப் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் இல்லங்களிற் புகுந்தபோதே இவ்வசதி குன்றத் தொடங்கியது. ஓர் இயந்திரம் ஐந்து ஆண்டுகள் உழைக்குமா என்பதை அதன் வெண்ணிற மேனியைத் தடவிப் பார்த்து அறிய முடியாது. இணையத்தின் வழியாகப் பொருள் வாங்குவோர்க்கோ தடவிப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. ஒரு படமும் ஒரு விலையுமே அவர் முன் நிற்கின்றன. ஆதலின் அவர் அப்பொருளை ஏற்கெனவே பயன்படுத்திப் பார்த்த ஒருவரின் சொல்லை நாடுகின்றார். அத்தகைய சொல்லை ஆராய்ந்து தொகுத்து வழங்குவதையே தொழிலாகக் கொண்ட இணையத்தளங்கள் பல உலகெங்கும் தோன்றியுள்ளன.

இத்தளங்களை நடத்துவோர்க்கும் வருவாய் வேண்டும். அவருட் பலர் அதனைப் பெறும் முறை இதுவாகும்: மதிப்புரையைப் படித்தவர் அப்பக்கத்திலுள்ள இணைப்பை அழுத்திக் கடையின் தளத்துக்குச் சென்று பொருளை வாங்குவாராயின், கடைக்காரர் விலையில் ஒரு சிறு பங்கைத் தரகாகக் கொடுக்கின்றார். சிக்கல் எழுவது இங்கேதான். மாட்டுத் தரகரின் சொல்லை மட்டும் நம்பி, பல்லைப் பிடித்துப் பாராமல் மாடு வாங்கும் உழவர் அரியர். விற்றாற்றான் கூலி என்னும் நிலையிலுள்ள ஒருவர், 'இதனை வாங்காதீர்' என்று சொல்லத் துணிவாரா? இந்த ஐயம் படிப்பவர் உள்ளத்தில் எழுந்துவிட்டால் அத்தளத்தின் புகழ்மொழிகள் யாவும் பயனிழந்துவிடும். எழுத்தை நீட்டுவதாலோ, வண்ணப் படங்களைச் சேர்ப்பதாலோ, நட்சத்திரக் குறிகளை அள்ளி வழங்குவதாலோ அது தீராது. தம் தளத்தைத் திருத்த முனைவோர் பலர் முதலிற் கைவைப்பது இவற்றிலேதான் என்பது வியப்புக்குரியது.

இச்சிக்கல் இணையத்தோடு பிறந்ததன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1927ஆம் ஆண்டில் ஸ்டுவர்ட் சேஸ், ஷ்லிங்க் என்னும் இருவர் சேர்ந்து எழுதிய நூலொன்று, நுகர்வோர் கொடுக்கும் பணத்துக்கு உரிய பயன் கிடைக்கின்றதா என்னும் வினாவை எழுப்பிப் பெருங் கவனத்தைப் பெற்றது. அதன் விளைவாகப் பொருள்களைச் சோதித்துக் கூறும் கழகம் ஒன்று 1929இல் அமைந்தது. 1935இல் அக்கழகத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. பிரிந்து சென்றோர் அடுத்த ஆண்டில் வேறொரு சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் சஞ்சிகையே 1942 முதல் 'கன்சூமர் றிப்போட்ஸ்' என்னும் பெயரால் வழங்குகின்றது. பால், காலையுணவுத் தானியம், சவர்க்காரம், காலுறை என்று அன்றாட வீட்டுப் பொருள்களே அதன் முதலிதழில் ஆராயப்பட்டன.

அச்சங்கம் தனக்கெனச் சில கட்டுப்பாடுகளை விதித்துக்கொண்டது. வணிகரின் விளம்பரத்தை அதன் சஞ்சிகை ஏற்பதில்லை. உற்பத்தியாளர் இலவசமாக அனுப்பும் மாதிரியைக் கொண்டு அது மதிப்பெண் இடுவதுமில்லை. அதன் ஆட்கள் தாம் இன்னார் என்று வெளிப்படுத்தாது, சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடைக்குச் சென்று, முழு விலை கொடுத்து வாங்கிய பொருளையே சோதிக்கின்றனர். இக்கடைசி விதியின் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சோதனைக்கு அனுப்பப்படும் பொருள் ஆயிரத்தில் ஒன்றாகப் பொறுக்கி எடுக்கப்பட்டதாக இருக்கக்கூடும். வாங்குபவர் கைக்கு வருவதோ எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் ஒன்றாகும். 1997இல் இச்சங்கம் இணையத்தளம் தொடங்கியபோது, இணையத்திற் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைத்த அக்காலத்திலும், சந்தா செலுத்துவோர்க்கே தன் மதிப்பெண்களை வழங்கியது. மக்கள் பணம் செலுத்திப் படித்தனர்.

இவ்வாறு ஈட்டிய நம்பிக்கையின் வலிமை 2010ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிப்பட்டது. அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 4 என்னும் கைத்தொலைபேசி இச்சங்கத்தின் மதிப்பெண் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயினும் அதன் ஓரத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தைக் கை தொட்டால் அலைவரிசை நலிவதைச் சோதனையிற் கண்ட சங்கம், அதனைத் தான் பரிந்துரைக்க இயலாது என்று அறிவித்தது. அதே வாரத்தில் அப்பிள் நிறுவனம் அவ்விடத்தை மறைக்கும் உறையை இலவசமாகத் தருவதாகக் கூறிற்று.

ஆனால் நம்பிக்கை என்பது தவறாமையினால் மட்டும் வருவதன்று. 2007ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதனை நன்கு விளக்கும். மோட்டார் வண்டியிற் கைக்குழந்தைகளை இருத்திச் செல்லும் பாதுகாப்பு ஆசனங்கள் பன்னிரண்டைச் சங்கம் வெளி ஆய்வுகூடம் ஒன்றின் மூலம் சோதித்தது. முன்புற மோதலை மணிக்கு 35 மைல் வேகத்திலும், பக்கவாட்டு மோதலை 38 மைல் வேகத்திலும் நடத்தியதாகவும், இரண்டு ஆசனங்களைத் தவிர ஏனையவை தேறவில்லை என்றும் அவ்வாண்டு ஜனவரியின் தொடக்கத்தில் அறிவித்தது. சில ஆசனங்கள் தம் அடித்தளத்திலிருந்து கழன்று பறந்தன என்னும் செய்தி பெற்றோரை நடுங்கச் செய்தது. இன்ன பொருளை வாங்கலாமா என்னும் வினா, குழந்தையின் உயிரைப் பற்றிய வினாவாகிவிட்ட வேளை அது. ஆசனத்தால் பயனில்லை என்று எண்ணி ஒரு தாய் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பயணஞ் செய்திருந்தால், மதிப்புரையே தீங்குக்குக் காரணமாகியிருக்கும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிருவாகம் அந்தச் சோதனையின் விவரங்களை ஆராய்ந்தது. பக்கவாட்டுச் சோதனை, மணிக்கு 70 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் இன்னொரு வண்டி வந்து மோதுவதற்கு ஒப்பாயிருந்தது என்று கண்டது. சொல்லப்பட்ட வேகத்துக்கு ஏற்பத் தானே அதே ஆசனங்களைச் சோதித்தபோது அவை கழலாது நின்றன. பிழை நேர்ந்த விதம் எளிதில் விளங்கக்கூடியதே. நிற்கும் வண்டியின்மீது 38 மைல் வேகத்தில் ஒரு பாரம் மோதினால், மோதப்பட்ட வண்டி அவ்வளவு வேகத்தைப் பெறுவதில்லை. அதிற் பாதியளவே பெறும். ஆய்வுகூடமோ ஆசனம் ஏற்றப்பட்ட மேடைக்கே முழு வேகத்தையும் கொடுத்துவிட்டது.

செய்தி கிடைத்ததும் சங்கம் ஜனவரி 18ஆம் திகதி தன் அறிக்கையை வெளிப்படையாக மீட்டுக்கொண்டது. பின்னர் வெளி நிபுணர் இருவரைக் கொண்டு ஆராய்ந்து, எங்கே யார் எதனைத் தவறாக விளங்கிக்கொண்டனர் என்பதை வாசகர்க்கு விரிவாக வெளியிட்டது. பிழையைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், எத்தனை மைல் வேகம், எத்தகைய மோதல் என்னும் கணக்கைச் சங்கம் சொல்லியிருந்ததே. 'எங்கள் நிபுணர்கள் சோதித்தார்கள், ஆசனங்கள் மோசமானவை' என்று மட்டும் எழுதியிருந்தால் மறுப்பதற்கும் ஒன்றுமில்லை, நம்புவதற்கும் ஒன்றுமில்லை. மதிப்புரைத் தளம் நடத்துவோர் எண், அளவு, நாள், சோதித்த முறை ஆகியவற்றை எழுதத் தயங்குவது பெரும்பாலும் பிறர் பிழை பிடிப்பார் என்னும் அச்சத்தினால். அந்த அச்சத்தை மறைக்கும் பக்கத்தைப் படிப்பவர் விரைவில் இனங்கண்டுகொள்கின்றார்.

தரகு பெற்றுக்கொண்டு நேர்மையாக எழுத இயலுமா என்னும் கேள்வி எஞ்சுகின்றது. கன்சூமர் றிப்போட்ஸ் தளமும் இப்போது கடை இணைப்புகளின் வழியே தரகு பெறுகின்றது. அதனைத் தன் பக்கங்களிலேயே கூறுகின்றது. தரகையே முதன்மை வருவாயாகக் கொண்டு வளர்ந்த தளத்துக்கு எடுத்துக்காட்டு 'வயர்கட்டர்' ஆகும். பிரையன் லாம் என்னும் பத்திரிகையாளர் 2011இல் தொடங்கிய அத்தளத்தை, 2016இல் நியூயோர்க் டைம்ஸ் நிறுவனம் 3 கோடி டொலருக்கு மேற்பட்ட விலை கொடுத்து வாங்கியது. புதிதாக வந்த கருவிகள் அனைத்தையும் பற்றி நாள்தோறும் எழுதிக் குவிக்கும் வழக்கம் மேலோங்கியிருந்த காலத்தில், ஒவ்வொரு வகையிலும் வாங்கத்தக்கது எது என்று மட்டும் சொல்வது அதன் நோக்கமாயிற்று. அதன் கட்டுரைகளில் இரண்டு பகுதிகள் கவனத்துக்குரியன. ஒன்று, எழுதியவரை ஏன் நம்பலாம் என்பதைக் கூறுவது. அவர் யார், எத்தனை மணி நேரம் செலவிட்டார், எவரிடம் கேட்டறிந்தார் என்பன அதில் இடம்பெறும். மற்றொன்று, பரிந்துரைத்த பொருளின் குறைகளைச் சொல்வது. விற்க விரும்பும் பொருளின் குறையைத் தானே எடுத்துரைக்கும் தரகரை எவரும் இலேசில் மறப்பதில்லை. எழுதுவோர்க்கு வணிக உடன்படிக்கைகள் தெரிவிக்கப்படுவதில்லை என்றும், வாங்கியவர் மனநிறைவின்றிப் பொருளைத் திருப்பி அனுப்பினால் தரகு கிடையாது என்றும் அத்தளம் கூறுகின்றது. ஆகவே மோசமான பொருளைப் புகழ்ந்து விற்பது, அறத்தை விட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் நட்டமே.

வாசகரே எழுதும் கருத்துகளின் நிலை வேறு. அமெசன் தளம் 1995இலேயே அவற்றுக்கு இடமளித்தது. அவற்றில் எல்லாம் புகழ்ச்சியாயிருந்தால் விற்பனை பெருகும் என்று வணிகர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. நோர்த்வெஸ்டேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, வாங்கும் விருப்பம் உச்சமடைவது ஐந்துக்கு ஐந்து பெற்ற பொருளிலன்று, சராசரி 4.0க்கும் 4.7க்கும் இடைப்பட்ட பொருளிலேயே. கண்ணேறு கழிக்கக் குழந்தையின் கன்னத்தில் இடும் கரும்பொட்டைப் போல ஒரு சிறு குறை அங்கே வேண்டியிருக்கின்றது! ஆனால் அப்பொட்டைப் பொய்யாக இடுதலும் கூடாது. உள்ளதை அழித்தலும் கூடாது. பாஷன் நோவா என்னும் ஆடை நிறுவனம், நான்கும் ஐந்தும் நட்சத்திரம் பெற்ற கருத்துகளை உடனே வெளியிட்டு, அதற்குக் குறைந்த இலட்சக்கணக்கான கருத்துகளை 2015இன் பிற்பகுதி முதல் 2019 நவம்பர் வரை வெளிவராது நிறுத்தியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2022 ஜனவரியில் அந்நிறுவனம் 42 இலட்சம் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொள்ள இணங்கியது. அதே ஆணைக்குழு வகுத்த புதிய விதி 2024 ஒக்டோபர் 21இல் நடைமுறைக்கு வந்தது. போலிக் கருத்துகளை எழுதுவித்தலும் விலைக்கு வாங்குதலும், ஒரு நிறுவனம் தானே நடத்தும் தளத்தைச் சுதந்திரமான மதிப்புரைத் தளம் போலக் காட்டுதலும் அவ்விதியால் தண்டத்துக்குரியனவாயின.

இறுதியாகப் பழைய பக்கங்கள். மதிப்புரைத் தளங்களிற் பெரும்பாலானவற்றின் பலவீனம் இங்கே கிடக்கின்றது. ஒருமுறை எழுதிய பக்கத்துக்குத் திகதியை மட்டும் புதிதாக மாற்றி, உள்ளே ஒரு சொல்லையும் மாற்றாது விடுவர். பொருள்களோ வாங்கிய பின்னரும் மாறுகின்றன. 2018 மே மாதத்தில் கன்சூமர் றிப்போட்ஸ் தான் வாங்கிய டெஸ்லா மொடல் 3 காரைச் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து முற்றாக நிற்க அதற்கு 152 அடி தேவைப்பட்டது. ஆகவே அதனைப் பரிந்துரைக்க மறுத்தது. டெஸ்லா நிறுவனம் சில நாள்களுள் காரின் கணினி நிரலைத் தொலைவிலிருந்தே மாற்றியமைத்தது. சங்கம் அதே காரை மீண்டும் ஓட்டி நிறுத்தியது. இம்முறை 133 அடியில் நின்றது. அம்மாதம் முடியுமுன்னரே காரைப் பரிந்துரைக்கும் புதிய மதிப்புரை, இரண்டு அளவுகளையும் காட்டி வெளியாயிற்று. காரில் ஓர் ஆணியும் மாற்றப்படவில்லை.