ரோலர் கோஸ்டர் வரிசை ஏன் நகர மறுக்கிறது?

நியூயார்க்கின் கோனி தீவில் 1901-ல் ‘லூப் தி லூப்’ என்றொரு சவாரி திறக்கப்பட்டது. ஆட்களைத் தலைகீழாகச் சுற்றிக் கொண்டுவரும் வண்டி. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் வந்த ‘ஃபிளிப் ஃபிளாப்’, முழு வட்ட வளையத்தில் ஓடிக் கழுத்தைப் பதம் பார்த்தது. புதியதன் வளையம் நீள்வட்டம் என்பதால் அந்தத் தொல்லை குறைந்தது. பொறியியலில் தேறிய சவாரி கல்லாவில் தோற்றது. வண்டிக்கு நான்கு பேர்தான் உட்கார முடியும். ஏறியவர்களைவிட வேடிக்கை பார்க்க நின்ற கூட்டமே அதிகம். 1910-ல் மூடிவிட்டார்கள்.

‘மணிக்கு எத்தனை பேர்?’ என்ற கேள்வியை இன்று முதல் வரைபடத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். உயரமும் வேகமும் விளம்பரத்துக்கு உதவும். வரிசையில் நிற்பவரின் பொழுதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு எண்கள்: ரயிலில் எத்தனை சீட், ஒரு ரயில் கிளம்பி அடுத்தது கிளம்ப எத்தனை விநாடி.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள சீடர் பாயின்ட் பூங்காவின் ‘மில்லேனியம் ஃபோர்ஸ்’ சவாரியை எடுத்துக்கொள்வோம். 2000-ல் திறந்தது. 310 அடி உயரம், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம், ரயிலுக்கு 36 சீட். 100 விநாடிக்கு ஒரு ரயில் கிளம்பினால் மணிக்கு 36 ரயில், ஏறத்தாழ 1,300 பேர். இடைவெளி 130 விநாடியானால் ஆயிரத்தைத் தொடுவதே பாடு. வெறும் அரை நிமிடத்தில் மணிக்கு 300 பேர் போய்விடுகிறார்கள்.

அந்த அரை நிமிடம் பறிபோவது பிளாட்பாரத்தில்தான். ஒருவர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். இன்னொருவர் கண்ணாடியை எங்கே வைப்பது என்று கேட்கிறார். நான்கு நண்பர்கள் முன் வரிசைக்கு மல்லுக்கு நிற்கிறார்கள். எல்லாரும் உட்கார்ந்தபின் ஊழியர்கள் இருபுறமும் நடந்து ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கிறார்கள், மடிமேல் இறங்கும் கம்பியை அழுத்திப் பார்க்கிறார்கள், கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். பல சவாரிகளில் ஒருவர் மட்டும் பொத்தானை அழுத்தினால் ரயில் நகராது. வேறொருவரும் தன் இடத்திலிருந்து அழுத்த வேண்டும். இந்தச் சோதனையில் ஒரு விநாடிகூடக் குறைக்கக் கூடாது. குறைக்க வேண்டியது அதற்கு முந்தைய குழப்பத்தை.

மில்லேனியம் ஃபோர்ஸில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. இறங்குமிடம் தனி, ஏறுமிடம் தனி. ஒரு ரயிலில் ஆட்கள் இறங்கும்போது இன்னொன்றில் ஏறுகிறார்கள்; மூன்றாவது ரயில் பாதையில் ஓடுகிறது. உச்சிக்கு இழுப்பதும் வழக்கமான சங்கிலி அல்ல, எஃகு வடம். செங்குத்தான ஏற்றத்தில் ரயிலை விறுவிறுவென்று தூக்கிவிடும். ஆனால் இழுத்துச் சென்ற கொக்கி திரும்பக் கீழே வந்தால்தான் அடுத்த ரயிலை மாட்ட முடியும். சங்கிலிக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ஒரு பக்கம் மிச்சம் பிடித்த நேரத்தில் கொஞ்சம் இன்னொரு பக்கம் செலவாகிறது.

அப்படியானால் நாலைந்து ரயில்களை விட்டால் என்ன? அங்கேதான் ‘பிளாக்’ முறை குறுக்கே நிற்கிறது. ரயில்வேயில் உள்ள அதே முறைதான். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரே ரயில் என்று கணினி காவல் காக்கிறது. முன்னே உள்ள பகுதி காலியாகாவிட்டால் பின்னால் வரும் ரயிலை பிரேக் பிடித்து நிறுத்திவிடும். ஆகவே பாதையில் ஐந்து பகுதிகள் இருந்தால் அதிகபட்சம் நான்கு ரயில்கள். ரயிலைக் கூட்ட வேண்டுமானால் நடுவழியில் பிரேக் வைக்கத் தட்டையான இடம் விட வேண்டும், அதைத் தாங்கத் தூண் வேண்டும், அடித்தளம் வேண்டும். கட்டி முடித்தபின் சேர்ப்பது பெரும்பாடு. டிஸ்னிலாந்தில் 1959-ல் வந்த ‘மேட்டர்ஹார்ன்’ குழாய் எஃகுத் தண்டவாளத்துக்குப் பேர்போனது. ஒரே பாதையில் பல வண்டிகளை இடைவெளி காத்து ஓட்டிக்காட்டியதும் அதுதான். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய சாதனை.

ரயில் எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதை சீடர் பாயின்ட்டிலேயே பார்த்தார்கள். ‘மீன் ஸ்ட்ரீக்’ என்ற பழைய மரக் கோஸ்டரின் சட்டகத்தின்மேல் எஃகுத் தண்டவாளம் போட்டு 2018-ல் ‘ஸ்டீல் வெஞ்சன்ஸ்’ திறந்தார்கள். திறந்த அன்றே திரும்பி வந்த ரயில், நிலையத்தில் நின்றதை மெல்ல இடித்தது. அதன்பின் சில வாரங்கள் ஒரே ரயில்தான் ஓடியது. 24 சீட், இரண்டரை நிமிட ஓட்டம், ஏறி இறங்க ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 360 பேர். ரயில் வெளியே போனபின் பிளாட்பாரத்தில் யாருக்கும் வேலை இல்லை. பின்னர் செல்போனுக்கும் அங்கே தடை வந்தது, வரிசையில் நிற்கும்போதே கையில் இருக்கக் கூடாது என்று. சீட்டைவிட்டு ஆளையே தூக்கும் சவாரியில் பாக்கெட்டில் உள்ளது பறக்காமல் என்ன செய்யும்?

ரயிலை நிறுத்தாமலே ஏற்றுவது இன்னொரு வழி. ஃபுளோரிடா யுனிவர்சலில் 2019 ஜூனில் திறந்த ‘ஹாக்ரிட்’ மோட்டார்பைக் கோஸ்டரில் பிளாட்பாரமே நகர்கிறது. ஊர்ந்துவரும் வண்டியோடு சேர்ந்து நடந்தபடி ஏறிக்கொள்ள வேண்டும். அப்படியும் முதல் நாள் காத்திருப்பு 10 மணி நேரத்தைத் தொட்டது. காகிதத்தில் உள்ள எண்ணிக்கை, மழை மின்னலுக்கோ பழுதுக்கோ நின்றுபோகும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

கூடுதல் காசுக்கு விற்கும் விரைவு வரிசைச் சீட்டு, சவாரியின் கொள்ளளவை ஓர் ஆள்கூடக் கூட்டாது. யார் முன்னால் என்பதை மட்டும் மாற்றும். அதன் சுமை பொது வரிசையின் தலையில். தனியாக வருபவர்களுக்கு வைக்கும் வரிசை அப்படியல்ல, காலியாகப் போகவிருந்த சீட்டை நிரப்புகிறது. நேரம் மிச்சப்பட வேண்டுமானால் துணையை விட்டுவிட்டு அதில் போய் நில்லுங்கள்.

காத்திருப்பை நீங்களே கணக்கிடலாம். முன்னால் நிற்பவர்களைத் தோராயமாக எண்ணுங்கள், இரண்டு ரயில்களுக்கு இடைப்பட்ட விநாடிகளைக் கடிகாரத்தில் பாருங்கள். முன்னே 480 பேர், ரயிலுக்கு 24 சீட், இடைவெளி 90 விநாடி என்றால் 20 ரயில், அரை மணி நேரம். உங்கள் முறை வருமுன் செல்போனையும் பையையும் லாக்கரில் வைத்துவிடுங்கள்.