துபாய் போய் வந்தால் சொந்த ஊர் போய்விடுமா?

படிப்புச் சலுகை மறுத்தால் சும்மா இருக்காதீர்கள்!

கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கி வட்டாரத்தில் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். சிலர் குடும்பத்தையும் கூட்டிப் போகிறார்கள். பிள்ளை நாலைந்து வருஷம் துபாயிலோ சிங்கப்பூரிலோ படிக்கிறது. பிறகு ஊர் திரும்பிக் கல்லூரிக்கு மனுப் போடும்போதுதான் தகராறு!

“வெளிநாட்டில் படிச்ச பையன். இந்த ஊர்க்காரன்னு எப்படி நம்புறது?” இதுதான் கேள்வி.

எங்கே இடிக்கிறது?

பொறியியல் கலந்தாய்வையே எடுத்துக் கொள்ளுங்கள். 8 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு பிறப்பிட இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. நடுவில் ஒரு வருஷம் வெளியே படித்திருந்தாலும் அது வேண்டும். நேட்டிவிட்டி சர்டிபிகேட் என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். இது கிடைக்காவிட்டால் அரசு ஒதுக்கீட்டு இடம் சிக்கல். அதை ஒட்டி வரும் கட்டணச் சலுகையும் சிக்கல்.

லண்டனில் நடந்த வழக்கு

‘நீ எந்த ஊர்க்காரன்?’ என்ற சண்டை நமக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் படிப்பு உதவித்தொகைக்கு 3 வருஷம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்று விதி. ஷா என்ற மாணவரும் வேறு சிலரும் கேட்டபோது, “நீங்கள் படிக்க வந்தவர்கள். உங்கள் வீடு வெளிநாட்டில்” என்று நகரசபைகள் கையை விரித்தன.

மாணவர்கள் விடவில்லை. பிரபுக்கள் சபை வரை போனார்கள். 1982 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவன் தானாக விரும்பி, ஒரு காரியத்துக்காக நிலையாகத் தங்கி வாழும் இடமே அவன் குடியிருப்பு. படிப்பும் அப்படி ஒரு காரியம்தான். இடையில் கொஞ்ச காலம் வெளியே போய் வந்தால் குடியிருப்பு அறுந்துவிடாது. மாணவர்களுக்கு வெற்றி!

அரசாங்கம் மறு வருஷமே விதியை மாற்றிக் கொண்டது வேறு கதை. ஆனால் தாய் தகப்பன் தற்காலிக வேலைக்கு வெளிநாடு போன காலத்தைக் கழித்துப் பார்க்கக்கூடாது என்று அங்கே விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு நம் தாலுகா ஆபீசைக் கட்டுப்படுத்தாது. வாதம் நமக்கும் உதவும். போனது பிழைப்புக்கு; வேர் இங்கேதான் என்று காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

‘இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். காரணம் தெரியாமல் அப்பீல் போடுவது இருட்டில் கல் எறிகிற மாதிரி.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் சேருங்கள். பாஸ்போர்ட்டில் ஊர் விலாசம் இருக்கிறதா என்று பாருங்கள். போன தேதி, வந்த தேதி முத்திரையும் இருந்தால் காட்டலாம். வேலை விசா, தற்காலிகமாகப் போனதற்குச் சாட்சி.

தாசில்தார் ஆபீசில் நடக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என மூன்று கோட்டங்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டமும் உண்டு. மனு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். கடைசி வழி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை.

‘அப்பீல் நிலுவையில் இருக்கிறது, அவகாசம் வேண்டும்’ என்று கல்லூரிக்கும் அன்றே கடிதம் கொடுத்து விடுங்கள்.

இது வேறு, அது வேறு

எல்லா மறுப்பும் ஒன்றல்ல. 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் ஆரம்ப விதி. இங்கே கேள்வி ஊர் அல்ல, பள்ளிக்கூடம். ரேஷன் கார்டைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

ஆகவே, பிள்ளையை வெளிநாட்டுப் பள்ளியில் சேர்க்குமுன் இதையும் யோசியுங்கள். போனாலும் ஊர்க் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். மனுவும் ரசீதும்தான் நிற்கும்.