உப்பு அம்பாரமும் காணாத நாணயமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைக் கடந்து புதுச்சேரி நோக்கிச் செல்வோர், இடையில் மரக்காணத்து உப்பளங்களைக் காணாமல் போக முடியாது. கோடையில் பாத்திகளிலிருந்து வாரிக் குவித்த உப்பு வெண்ணிற அம்பாரங்களாய் நிற்கும். வாங்க வரும் வணிகர் ஒரு பிடி அள்ளி நிறத்தையும் பரலின் பருமனையும் பார்க்கிறார். மண் கலந்திருந்தால் விலையைக் குறைக்கிறார். எடை போட்டு லாரியில் ஏற்றிய பிறகே கணக்கை முடிக்கிறார். மலிவான சரக்குதான். ஆயினும் அதை வாங்குவதில் இத்தனை விசாரணை இருக்கிறது.

இதே சாலையின் இரு முனைகளையும் தொட்ட வழக்கொன்று அண்மையில் பேசப்பட்டது. 'ஹாஷ்பே' என்னும் புதிய கிரிப்டோ நாணயத்தின் பெயரால் 2022ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் நடிகையை அழைத்துத் தொடக்க விழா நடந்தது. பின்னர் மாமல்லபுரத்து நட்சத்திர விடுதியில் மற்றொரு விழா. முதலீட்டாளர் சிலருக்குக் கார்கள் பரிசு. புதுச்சேரியைச் சேர்ந்தோர் பணத்தை இழந்ததாகப் புகார் அளிக்க, அங்குள்ள இணையவழிக் குற்றப்பிரிவுக் காவல்துறை 2025ஆம் ஆண்டில் இருவரைக் கைது செய்தது. வழக்கின் முடிவு நீதிமன்றத்திற்குரியது. நம் கவனத்திற்குரியது வேறு: விழாவைக் கண்டவர்கள் பலர், நாணயத்தைக் கண்டவர் யார்?

ஹதீஸ் நூல்களில் உப்பளம் பற்றிய செய்தி ஒன்று உண்டு. யமன் நாட்டு மஃரிபைச் சேர்ந்த அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள், அங்குள்ள உப்பு விளையும் இடத்தைத் தமக்கு வழங்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார், வழங்கப்பட்டது. அவர் திரும்பிச் சென்றதும் சபையில் இருந்த ஒருவர், அது வற்றாத நீரைப் போன்றது என்று தெரிவித்தார். உடனே அக்கொடை திரும்பப் பெறப்பட்டது. திர்மிதீ, அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமம் பொதுச்சொத்து என்னும் சட்டத்தை ஃபுகஹாக்கள் இதிலிருந்து எடுத்தார்கள். நான் இதில் இன்னொன்றையும் காண்கிறேன். உண்மை நிலையை எடுத்துரைத்தவர் அவ்விடத்தை முன்பே நேரில் கண்டவர் என இப்னுமாஜாவின் அறிவிப்பு கூறுகிறது; அவருக்கு அதில் ஆதாயம் ஏதுமில்லை. புதிய நாணயம் பற்றி நாம் பெறும் தகவலில் எத்தனை விழுக்காடு அத்தகையவரிடமிருந்து வருகிறது?

விற்கப்படும் பொருள் இன்னதென்று அறியப்பட்டிருக்க வேண்டும், ஒப்படைக்க இயல்வதாக இருக்க வேண்டும் என்பன வணிகத்திற்கு ஃபிக்ஹ் விதிக்கும் நிபந்தனைகளுள் அடங்கும். நீரில் நீந்தும் மீனை விற்பது 'கரர்' என்பதற்கு நூல்கள் கூறும் பழைய உதாரணம். இந்நிபந்தனைகளே புதிதாக இறங்குவோரின் ஆய்வு வினாக்கள் என்பது என் கருத்து.

பொருள் அறியப்பட்டதா? பிட்காயினுக்கு 2008இல் வெளியான விளக்க ஏடு உண்டு. 2009 முதல் இயங்கும் பொதுப் பேரேடு உண்டு. 2 கோடியே 10 லட்சத்திற்கு மேல் நாணயம் பிறக்காது என்பதை எவரும் நிரலில் சரிபார்க்கலாம். பல்கேரியாவிலிருந்து 2014இல் புறப்பட்ட 'ஒன்காயின்' உலகெங்கும் விற்கப்பட்டது. அதற்கு உண்மையான பொதுப் பேரேடே இருக்கவில்லை. அதன் நிறுவனர் 2017இல் தலைமறைவானார். ஆகவே முதற்காரியம், அந்நாணயத்தின் பேரேட்டைப் பொதுத்தளத்தில் தேடிப் பார்ப்பது. அங்கே மொத்த நாணயம் எவ்வளவு, அதில் பெரும்பங்கு எத்தனை முகவரிகளில் குவிந்துள்ளது என்பதும் தெரியும். விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் பெரும்பங்கு இருப்பின், அவர்கள் விற்கும் நாளில் பிறர் கையிலிருப்பது மதிப்பிழக்கும்.

ஒப்படைக்க இயலுமா? 2021இல் 'ஸ்குவிட்' என்றொரு நாணயம் சில நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் விலைக்கு ஏறிற்று. வாங்க முடிந்தது, வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. பிறகு ஒரே நாளில் விலை ஏறத்தாழச் சுழியமாயிற்று. சிறுதொகையை வாங்கி விற்று, ரூபாயாக வங்கிக் கணக்கிற்கு வருகிறதா எனப் பார்ப்பது நல்லதே. ஆனால் ஏமாற்றுவோர் முதலில் சிறுதொகையைத் தந்து நம்பிக்கையை வளர்ப்பது வழக்கமாதலால் அது மட்டும் போதாது. கையிருப்பு, அதாவது 'கப்ள்', இன்னொரு சிக்கல். சந்தைத் தளத்தில் இருக்கும் நாணயத்தின் திறவுகோல் தளத்தாரிடமே உள்ளது. 2024 ஜூலையில் 'வாசிர்எக்ஸ்' தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவு போனபோது, கணக்கில் எண்ணைக் கண்டவர்கள் பொருளை எடுக்க முடியாமல் நின்றார்கள்.

ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்காயின் வணிகம் கூடாதென்றது; மலேசியப் பங்குப்பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல் டிஜிட்டல் சொத்து வணிகத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. ஆனால் கூடுமென்போரின் தீர்ப்பை நேற்றுப் பிறந்த நாணயத்திற்குக் கேடயமாக்குவது, மரக்காணத்து உப்பைக் காட்டி மணலை விற்பதற்கு ஒப்பாகும். சட்டநிலையும் அவ்வாறே. 2022 ஏப்ரல் முதல் இந்திய அரசு இதன் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி விதிக்கிறது. ஒரு நாணயத்தில் ஏற்படும் நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. 2023 முதல் சந்தைத் தளங்கள் மத்திய நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிய வேண்டும். ஆனால் அப்பதிவு கறுப்புப்பணத் தடுப்புக்கானது. வரி வாங்குவதால் அரசு பொறுப்பேற்கிறது என்று முகவர் கூறினால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்கலாம்.