திரையில் எழுந்த பண்டைய எகிப்து

பண்டைய எகிப்து என்றதும் பிரமிடுகளும் மம்மிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அக்கால மக்கள் எத்தகைய தெருக்களில் நடந்தனர், ரொட்டியை எப்படிச் சுட்டனர், வயலில் எவ்வாறு உழைத்தனர் என்பனவற்றை ஒரே படத்தில் காட்டிவிட இயலாது. இவற்றை நாமே நடந்து சென்று பார்ப்பது போன்ற உணர்வைக் கணினி விளையாட்டுகள் தருகின்றன.

யூபிசாஃப்ட் நிறுவனம் 2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘அசாசின்ஸ் கிரீட்: ஆரிஜின்ஸ்’ எனும் சாகச விளையாட்டை வெளியிட்டது. கிளியோபாட்ரா வாழ்ந்த கி.மு. முதலாம் நூற்றாண்டு எகிப்தே அதன் களம். சண்டைக் காட்சிகள் நிறைந்த அவ்விளையாட்டு பெரியவர்களுக்கானது. எனவே, 2018 பிப்ரவரியில் சண்டைகளை முற்றிலும் நீக்கிக் கல்விக்கு ஏற்ற ‘டிஸ்கவரி டூர்’ எனும் பதிப்பும் வெளியிடப்பட்டது. அதில் 75 வழிகாட்டி உலாக்கள் உள்ளன. விளையாடுபவர் ஒரு கதைமாந்தரைத் தேர்ந்தெடுத்து, விளக்கவுரையைக் கேட்டவாறே நகரங்களையும் கோயில்களையும் சுற்றிப் பார்க்கலாம்.

இவ்வுலகை உருவாக்க வரலாற்று அறிஞர்களின் துணை நாடப்பட்டது. ஆயினும், எல்லாவற்றிற்கும் ஒரே அளவில் சான்றுகள் கிடைப்பதில்லை. அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அது, பின்னாளில் நிலநடுக்கங்களால் இடிந்து விழுந்தது. அதன் பகுதிகள் எனக் கருதப்படும் பெருங்கற்களை 1994இல் முக்குளிப்பாளர்கள் கடலடியில் கண்டனர். பழைய நாணயங்களில் அதன் உருவமும், பயணிகளின் எழுத்துகளில் அதன் வருணனையும் உள்ளன. இவற்றைக் கொண்டு அதன் தோற்றத்தை ஓரளவு அறியலாம். எஞ்சிய இடைவெளியைக் கற்பனையே நிரப்புகிறது.

பெரிய பிரமிடின் நிலையும் இதுதான். விளையாட்டு நிகழும் காலத்திலேயே அதற்கு ஏறத்தாழ 2,500 வயது ஆகியிருந்தது. விளையாட்டில் அதனுள் காணப்படும் சில வழிகளும் அறைகளும், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் பியர் ஊடான் முன்வைத்த கருதுகோளைத் தழுவியவை. அக்கருதுகோள் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

சில இடங்களில் உண்மை தெரிந்தே மாற்றப்பட்டுள்ளது. விளையாட்டில் வரும் பள்ளியில் சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக அமர்ந்து பயில்கின்றனர். அக்காலத்திலோ பெரும்பாலும் சிறுவர்களே பள்ளியில் பயின்றனர். விளையாட்டு அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மாற்றத்தைச் செய்ததாக, அதனை உருவாக்கியவர்கள் உலாவிலேயே வெளிப்படையாகக் கூறியுள்ளனர். இந்த நேர்மை பாராட்டத்தக்கது.

திரையில் தோன்றும் காட்சி எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக அதனை நம்பிவிடுகிறோம். சான்றுள்ள சுவரும் கற்பனைச் சுவரும் அங்கு ஒன்றுபோலவே மின்னும். ‘தீர விசாரிப்பதே மெய்’ என்பர் நம் முன்னோர். ஆகவே, இத்தகைய விளையாட்டை விளையாடும்போது, “இது எப்படித் தெரியவந்தது?” எனும் கேள்வியையும் நாம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். விடையைத் தேடி நூலகத்திற்கோ அருங்காட்சியகத்திற்கோ செல்லும்போது, விளையாட்டு முடிந்த இடத்தில் வரலாற்றுக் கல்வி தொடங்குகிறது.