தவணை வேறு, விலை வேறு

சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கும்போது ஐந்து ரூபாய்க்கு வாதாடும் நம் இல்லத்தார், ஏழெட்டு லட்சம் ரூபாய் கொடுத்துப் புதுக் கார் வாங்கப் போகும்போது மட்டும் வாய் திறவாமல் கையெழுத்திட்டுத் திரும்புகின்றனர். இதற்கு ஒரு காரணம் உண்டு. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் நம் சாலைகளை ஆண்ட நாள்களில், முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோதும், பத்தாயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்தோர் வரிசையில்தான் நின்றனர். வண்டி கைக்கு வந்தாலே பெரும்பேறு. அதன் விலையைக் குறைத்துக் கேட்பதாவது!

அந்தக் காலம் போயிற்று. புதிதாக வந்த ஒரு சில மாடல்களைத் தவிர, இன்று வாங்குவோர் வண்டிக்காகக் காத்திருப்பதைக் காட்டிலும் விற்போர் வாங்குவோருக்காகக் காத்திருப்பதே மிகுதி. ஆயினும் பழைய கூச்சம் நம்மை விட்டபாடில்லை. அந்தக் கூச்சத்திற்கு ஒரு குடும்பம் கொடுக்கும் விலை, பிள்ளையின் ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்திற்கு ஈடாகவும் கூடும். ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

மூன்று பேரங்கள்

ஷோரூமில் நம்மை அமரவைத்துக் குளிர்பானம் கொடுத்ததும் விற்பனையாளர் கேட்கும் முதற் கேள்வி, “மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?” என்பதே. கேட்பதற்கு அக்கறையான கேள்வி. ஆனால் இதற்கு விடை சொல்லிவிட்டால், பேரம் அங்கேயே முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். நாம் சொல்லும் தொகைக்குள் எந்த விலையையும் அடக்கிவிட முடியும். கடன் ஆண்டுகளைக் கூட்டினால் போதுமே!

உண்மையில் அங்கே நடைபெறுவது மூன்று தனித்தனிப் பேரங்கள். முதலாவது, புதுக் காரின் விலை. இரண்டாவது, நாம் கொடுக்கும் பழைய காரின் விலை. மூன்றாவது, கடனும் அதன் வட்டியும். இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், ஒன்றில் கொடுத்ததை மற்றொன்றில் எடுத்துக்கொள்வது எளிது. “உங்கள் பழைய வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகத் தருகிறோம்” என்று சொல்லிவிட்டு, புது வண்டிக்குரிய இருபதாயிரம் தள்ளுபடியைப் பேசாமலே விட்டுவிடலாம். ஆகவே முதலில் புதுக் காரின் விலையை மட்டும் பேசி முடித்து, எழுத்தில் வாங்கிக்கொள்ளல் வேண்டும். பழைய வண்டிக்கு வெளியில் இரண்டு இடங்களிலாவது விலை கேட்டறிந்த பின்னரே அதைப் பற்றிப் பேச வேண்டும். கடன் பேச்சு கடைசியில் வரட்டும்.

விலைத்தாளைப் படியுங்கள்

எக்ஸ்-ஷோரூம் விலை என்பது ஜி.எஸ்.டி. உட்பட்ட வண்டியின் விலை. அதன்மேல் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்புறுதி, இன்ன பிற சேர்ந்தால் வருவதே ஆன்-ரோடு விலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொகையில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. ஆதலால், ஒவ்வொரு வரியையும் தனித்தனியே எழுதிய விலைத்தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

அரசுக்குச் செல்லும் தொகையில் பேரத்திற்கு இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நான்கு மீட்டர் நீளத்திற்கு மேற்படாத, 1200 சி.சி. வரையுள்ள பெட்ரோல் கார்களும் 1500 சி.சி. வரையுள்ள டீசல் கார்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரி உயர்த்தப்பட்டது; ஐந்து முதல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 விழுக்காடு, பத்து முதல் இருபது லட்சம் வரை 18 விழுக்காடு. ஏழரை லட்ச ரூபாய்க் காருக்கு இவ்வரி மட்டுமே ஏறத்தாழ ஒரு லட்சம் ஆகிறது. பத்து லட்ச எல்லையைச் சற்றே தாண்டும் உயர்ரக மாடலுக்கு ஆசைப்படுவோர், இந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நலம். பத்து லட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு டி.சி.எஸ். என்று ஒரு விழுக்காடு வாங்குவர். அது நம் பெயரில் செலுத்தப்படும் வருமான வரியே. கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், பலர் மறந்துவிடுகின்றனர்.

காப்புறுதி அப்படியன்று. டீலர் காட்டும் நிறுவனத்திலேயே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. புதுக் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தாக வேண்டும். இது உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான காப்புறுதியை ஓராண்டுக்கு எடுத்தாலே போதும். அதே காப்புத் தொகை, அதே பயன்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு வெளியில் இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். பல ஆயிரம் ரூபாய் வேறுபாடு தெரிய வரும். அந்தத் தாளைக் காட்டியவுடன் டீலரே குறைத்துத் தருவதும் உண்டு.

“ஹேண்ட்லிங் சார்ஜ்” என்று சில ஆயிரம் எழுதியிருந்தால், அது அரசுக்குச் செல்வதன்று. எதற்கென்று கேளுங்கள், நீக்கச் சொல்லுங்கள். தரைவிரிப்பு, இருக்கை உறை, அடிப்பூச்சு முதலியவற்றை “பேக்கேஜ்” என்று சேர்த்திருந்தாலும், வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடலாம்.

தள்ளுபடியின் இயல்பு

தள்ளுபடிகள் பல பெயர்களில் வரும்: ரொக்கத் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், பெரிய நிறுவனப் பணியாளர்கள் ஆகியோருக்கான சலுகை. இவற்றில் சில உற்பத்தி நிறுவனம் தருபவை. சில டீலர் தம் இலாபத்திலிருந்து விட்டுக்கொடுப்பவை. நிறுவனம் அறிவித்த சலுகை நமக்கு உரியது; அதைத் தம் தயவாகக் காட்டுவோரிடம், “இது நிறுவனச் சலுகை; உங்கள் பங்குக்கு என்ன குறைப்பீர்கள்?” என்று பணிவோடு கேட்கலாம். நமக்குரிய சலுகை எது என்று அவர்களாகச் சொல்லமாட்டார்கள். பணிபுரியும் இடத்தின் அடையாள அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

“இருபதாயிரத்திற்குப் பொருத்துபொருள்கள் இலவசம்” என்பதைவிடப் பதினைந்தாயிரம் ரூபாய் விலைக் குறைப்பே மேல். அப்பொருள்களின் மேல் ஒட்டிய விலை வேறு, டீலருக்கு ஆகும் செலவு வேறு.

டிசம்பரில் தள்ளுபடி பெருகும். ஆண்டு மாறினால் அந்த வண்டி பழைய ஆண்டு வண்டியாகிவிடும் என்பதே காரணம். நாளை மறுவிற்பனை செய்யும்போது அந்தக் குறை நம் தலையில் விழும். பத்து ஆண்டுகள் வைத்து ஓட்டும் எண்ணமுடையோருக்கு டிசம்பர் நல்ல மாதம். மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றுவோருக்கு அவ்வளவு நல்லதன்று. எப்படியாயினும் வண்டி எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்று கேட்டறியுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் அது குறிக்கப்பட்டிருக்கும்.

கடனின் கணக்கு

இனிக் கடனுக்கு வருவோம். ஷோரூமிலேயே கடன் ஏற்பாடு செய்வது வசதிதான். ஆனால் கடன் பிடித்துக் கொடுப்பதற்கு வங்கியிடமிருந்து டீலருக்குத் தரகு கிடைப்பதுண்டு என்பதை நினைவில் வைப்போம். ஆகவே ஷோரூமில் காலடி வைக்குமுன், சம்பளம் வரும் வங்கியிலோ பணியாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் கேட்டு, வட்டி விகிதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பேரத்தில் இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை ஆசிரியர், தாய் செவிலியர். ஆறு லட்சம் ரூபாய் கடன், ஐந்து ஆண்டுகள். வங்கி 9 விழுக்காடு என்கிறது. ஷோரூமிலோ, “எங்களிடம் 5 விழுக்காடுதான், ஃபிளாட் ரேட்” என்கின்றனர். எது மலிவு? வங்கியின் 9 விழுக்காடு, குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் கணக்கிடப்படுவது. மாதத் தவணை ரூ. 12,455. ஃபிளாட் ரேட்டிலோ, அடைத்துவிட்ட அசலுக்கும் சேர்த்து ஐந்து ஆண்டும் முழு ஆறு லட்சத்திற்கே வட்டி. ஆண்டுக்கு ரூ. 30,000 வீதம் ஒன்றரை லட்சம் வட்டி, தவணை ரூ. 12,500. ஐந்து என்று சொன்னது ஒன்பதைவிட அதிகமாக அல்லவா முடிந்தது!

இனி, “தவணை கனமாக இருந்தால் ஏழு ஆண்டாக்கிவிடலாம்” என்பர். அதே 9 விழுக்காட்டில் தவணை ஏறத்தாழ ரூ. 9,653 ஆகக் குறையும். மாதம் ரூ. 2,800 மிச்சம் என்று தோன்றும். ஆனால் மொத்த வட்டி ரூ. 1,47,300 என்பது ஏறத்தாழ ரூ. 2,10,900 ஆக உயர்கிறது. மாதத்தில் மிஞ்சியதாக எண்ணியதற்கு, அறுபத்து மூவாயிரத்துக்கும் மேல் விலை கொடுக்கிறோம்.

மற்றொரு கேள்வி: “ரொக்கத் தள்ளுபடி இருபத்தைந்தாயிரம் வேண்டுமா, அல்லது 8 விழுக்காட்டுச் சலுகை வட்டி வேண்டுமா?” சலுகை வட்டியில் ஆறு லட்சத்திற்குத் தவணை ரூ. 12,166. தள்ளுபடியை எடுத்துக்கொண்டு, குறைந்த கடனான ரூ. 5,75,000-ஐ 9 விழுக்காட்டில் வாங்கினால் தவணை ரூ. 11,936. இங்கே தள்ளுபடியே இலாபம். கடன் பெரிதாகவும் காலம் நீண்டும் இருந்தால் விடை மாறலாம். ஆகவே இரு வழியிலும் கட்டவேண்டிய மொத்தத் தொகையை எழுதி ஒப்பிடுவதே முறை.

கையெழுத்துக்கு முன்

2024 அக்டோபர் முதல், கடன் கொடுப்போர் முக்கிய விவரங்களடங்கிய அறிக்கை ஒன்றைக் கையெழுத்துக்கு முன்னரே தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியோடு பிற கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, வீட்டிற்கு எடுத்து வந்து, கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று பாருங்கள். கடன் முழுவதும் தீர்ந்தபின் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கவும் மறக்கலாகாது.

“இன்றே முன்பணம் கட்டினால்தான் இந்த விலை” என்று சொன்னால் கலங்க வேண்டா. அந்த விலையை எழுதித் தரச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். மறுநாள் தொலைபேசி பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வரும். முதல் தடவை பிள்ளைகளை அழைத்துச் செல்லாதிருப்பதும் நன்று. சிவப்பு வண்டிக்குள் ஏறி அமர்ந்துவிட்ட மகளை இறக்கிக்கொண்டு வரும் மனத்திடம் எந்தத் தந்தைக்கு உண்டு?

பேரம் என்பது சண்டையன்று. எதிரே இருக்கும் இளைஞரும் மாத இலக்கை நம்பிக் குடும்பம் நடத்துபவரே. குரலை உயர்த்தாமல் கேட்கலாம். பழைய வண்டி விபத்தில் சிக்கியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லலாம். நேர்மையை எதிர்பார்க்கிற நாம் அதைக் கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள்.

இறுதியாக ஒரு சோதனை. கார் வாங்குவதென முடிவு செய்தவுடன், வரப்போகும் தவணைத் தொகையை ஆறு மாதம் தனியே வங்கியில் போட்டுப் பாருங்கள். பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு, ஊர்த் திருவிழா எல்லாம் இந்த ஆறு மாதத்தில் வந்து போகும். குடும்பம் தள்ளாடாமல் நின்றால், கார் நம் சக்திக்கு உட்பட்டதே. கையில் சேர்ந்திருக்கும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொகையால் கடனும் குறையும். தள்ளாடினால், இன்னும் ஓராண்டு பேருந்தில் போகலாம், அதில் குறைவொன்றுமில்லை.