கையில் பலம் இருந்தும் தட்டு ஏன் போக மாட்டேன் என்கிறது? - டிஸ்க் கோல்ஃபின் 300 அடிச் சுவர்!

கோல்ஃப் தெரியும், ஃபிரிஸ்பீ தெரியும். இரண்டையும் சேர்த்தால் டிஸ்க் கோல்ஃப். குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. பந்துக்குப் பதிலாக, சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய பிளாஸ்டிக் தட்டு. மிகக் குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடைக்குள் போடுகிறவருக்கு வெற்றி. 1975-ல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கான முதல் நிரந்தரக் களத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். 2002-ல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். அப்படி ஒரு பைத்தியம் பிடிக்க வைக்கிற ஆட்டம் இது!

அமெரிக்கா, ஃபின்லாந்து போன்ற நாடுகளில் குடும்பம் குடும்பமாக இதை ஆடுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் ஒரே உற்சாகம்தான். 150 அடி, 200 அடி, 250 அடி என்று தூரம் தானாகவே கூடிக்கொண்டு போகும். 300 அடியை, அதாவது சுமார் 91 மீட்டரை நெருங்கும்போது பலருக்கும் வண்டி நின்றுவிடும். ஜிம்முக்குப் போவார்கள், விலை கூடிய தட்டு வாங்குவார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசுவார்கள். தட்டு அதே இடத்தில்தான் விழும். முழங்கைதான் வலிக்க ஆரம்பிக்கும்.

இத்தனைக்கும் மனிதக் கையால் எவ்வளவு தூரம் முடியும் என்று பாருங்கள். 2016-ல் நெவாடா பாலைவனத்தில் டேவிட் விக்கின்ஸ் ஜூனியர் வீசிய தட்டு 338 மீட்டர் போனது. மூன்று கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் அடுக்கினாலும் மிஞ்சும். பின்னாலிருந்து அடித்த பலத்த காற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பது வேறு விஷயம்.

பம்பரம் விட்டவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று பிடிபடும். ஆரம்பத்திலேயே முரட்டுத்தனமாக இழுத்தால் பம்பரம் சுற்றாது. கை வீசிப்போய், கடைசி நொடியில் சாட்டையைச் சுண்டி இழுக்க வேண்டும். தட்டும் அப்படித்தான். வலது கைக்காரர் இலக்குக்குத் தோளைக் காட்டி நின்று, கையைப் பின்னே நீட்டி வீசுகிறார். முதலில் முன்கால் ஊன்றும். பிறகு இடுப்பு திரும்பும், தோள் திரும்பும். அதன்பின் முழங்கை, கடைசியில் மணிக்கட்டு. 300 அடியில் நிற்பவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த வரிசை தலைகீழ். கால் ஊன்றும் முன்பே கை இழுக்கத் தொடங்கிவிடுகிறது. கால், இடுப்பு இரண்டின் பலமும் தட்டுக்கு வந்து சேர்வதே இல்லை.

இழுக்கும் பாதையிலும் கோளாறு வரும். தட்டு மார்பை ஒட்டி, நேர்கோட்டில் வர வேண்டும். உடம்பைச் சுற்றி வளைத்துக்கொண்டு வந்தால் மேற்கை நெஞ்சோடு மடங்கி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு சுண்டுவதற்கு இடமே இருக்காது.

அடுத்தது தட்டின் மூக்கு, அதாவது பறக்கும்போது முன்னால் இருக்கும் விளிம்பு. அது கொஞ்சம் மேல்நோக்கி இருந்தாலும் போதும், தட்டு உயரே ஏறி, வேகம் செத்து, இடது பக்கம் சரிந்து விழுந்துவிடும். கையில் வேகம் இருந்தும் தூரம் கிடைக்காதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு கீழ்நோக்கிச் சாயுமே, ஏறக்குறைய அந்த நிலையில் பிடித்தால் மூக்கு அடங்கும்.

விலை கூடிய தட்டு உதவாதா? தட்டுகளில் வேக எண் போட்டிருப்பார்கள். 12, 13 என்று போட்ட தட்டுகள் வேகமான கைக்காகவே செய்யப்பட்டவை. தோராயமாகச் சொன்னால், 300 அடிக்கு மணிக்கு 80 கி.மீ. வேகம் வேண்டும், 400 அடிக்குக் கிட்டத்தட்ட 100 கி.மீ. அந்த வேகம் இல்லாத கையில் 12-ம் எண் தட்டு, பாதியிலேயே இடது பக்கம் திரும்பிவிடும். காசுதான் நஷ்டம்.

பழகுகிறவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். கூடைக்கு அருகிலிருந்து போடுவதற்கான மெதுவான தட்டை எடுத்து, ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்தே பாதி பலத்தில் வீசுகிறார்கள். அந்தத் தட்டு குற்றத்தை மறைக்காது; மூக்கு தூக்கினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். செல்போனைப் பக்கவாட்டில் நிறுத்தி ஸ்லோ மோஷனில் படம் பிடித்தால், கால் ஊன்றியது முன்பா, கை இழுத்தது முன்பா என்பது தெரிந்துவிடும். இரண்டு வாரம் இப்படிப் பழகிய பிறகே ஓடி வந்து வீசுவது.

இதில் கஷ்டமான கட்டம் ஒன்று இருக்கிறது. வரிசையை மாற்றிப் பழகும்போது, இருந்த 300 அடியும் குறையும். 250 அடிக்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. கூட ஆடும் நண்பர்கள் சிரிப்பார்கள். மானம் போகிறதே என்று அந்த இடத்தில்தான் பலர் பழைய வீச்சுக்கே திரும்பிவிடுகிறார்கள். சில வாரம் பொறுத்தவர்களுக்கு ஒரு நாள், பெரிதாக எதுவும் செய்யாததுபோல் வீசிய தட்டு வழக்கமான மரத்தைத் தாண்டிப் போய் விழும்.

முழங்கையோ தோளோ வலித்தால் மட்டும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். வலியோடு வீசும்போது உடம்பு தன்னை அறியாமல் பழைய வரிசைக்கே போய்விடும்.